சோலார் ஹீட்டரில் சூடு போதவில்லை: குழாயா, உப்பா, காயிலா, புதிதா?

போட்டு ஆறேழு வருடமான 200 லிட்டர் சோலார் ஹீட்டர். ஐப்பசி பிறந்தால் வீட்டில் தகராறு. முதல் ஆள் குளித்துவிட்டு வந்ததும் இரண்டாவது ஆளுக்கு வெதுவெதுப்பு, மூன்றாவது ஆளுக்கு அதுவும் இல்லை. சர்வீஸ்காரர் டியூப் அத்தனையையும் மாற்றச் சொல்கிறார். பிளம்பர் கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் டேங்கில் கரன்ட் காயில் போட்டால் தீர்ந்தது என்கிறார். மருமகனோ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மாடியில் சோலார் மின்சாரம், கீழே காற்றிலிருந்து சூடெடுக்கும் ஹீட் பம்ப் என்கிறார்.

நாலு பேர் சொல்வதும் ஏதோ ஒரு வீட்டுக்குச் சரிதான். உங்கள் வீட்டுக்கு எது என்பதை ஒரு தெர்மாமீட்டரும் ஒரு வால்வும் சொல்லிவிடும். வேலூர்ப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. குறை பெரும்பாலும் தண்ணீரிலும் குழாயிலும்தான், பணம் போவது மட்டும் பேனலுக்கு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வாளிக் கணக்கு. மார்கழி விடியலில் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க 40 டிகிரி வேண்டும். 20 லிட்டர் வாளிக்கு, சோலாரில் 60 டிகிரி இருந்தால் 9 லிட்டர் வெந்நீர் போதும், மீதி பச்சைத் தண்ணீர். சோலாரில் 45 டிகிரிதான் என்றால் 15 லிட்டர் பிடிக்கும். டேங்கின் 200 லிட்டரும் அதே சூட்டில் வராது. எடுக்க எடுக்கப் பச்சைத் தண்ணீர் உள்ளே புகுந்து கலக்கும். மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 130 லிட்டர், உருப்படியாக வரும் என்று கொண்டால் 60 டிகிரியில் 14 வாளி, 45 டிகிரியில் 8 வாளி.

இந்த எட்டைக் கவனியுங்கள். சுமாராக வேலை செய்யும் ஹீட்டர்கூட நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு வாளி கொடுக்க வேண்டும். இரண்டாவது ஆளுக்கே தீர்ந்துபோகிறது என்றால் சூடு பிடிப்பதில் மட்டும் குறை இருக்க வாய்ப்பில்லை. பிடித்த சூடு வழியில் எங்கோ போகிறது.

இரண்டாவது, தண்ணீரின் கடினத்தன்மை. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் இதற்கு உதவாது. அது கரைந்த எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். ஹீட்டரைக் கெடுப்பது சுண்ணாம்பும் மக்னீசியமும். கடினத்தன்மைக்கென்று தனியாகச் சொட்டு மருந்துக் கிட் கிடைக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. ஹீட்டரைப் பொறுத்தவரை 300-ஐத் தாண்டினாலே அதற்கென்று தனியாக யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, குளிக்கும் வேளை. எல்லோரும் காலை ஐந்திலிருந்து ஏழுக்குள் குளிக்கும் வீடும், சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் நோயாளிகளோடு வருபவர்களுக்கு அறை விட்டு நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் வீடும் ஒன்றல்ல. நான்காவது, விலைச் சீட்டில் இல்லாத செலவு: வீணாகும் தண்ணீர், உப்பு மூட்டை, இரண்டு மாத மின் கணக்கில் ஒரு படி ஏறுவது, மாடிக்கு ஆள் வந்து போகும் கூலி.

## காசு எடுக்கும் முன் மூன்று சோதனை

மாலைச் சூடு. மேகமில்லாத ஒரு நாள், பகலில் யாரும் வெந்நீர் எடுக்காமல், மாலை ஐந்தரை மணிக்கு டேங்குக்கு மிக அருகில் உள்ள குழாயைத் திறந்து, சூடு ஒரே நிலைக்கு வரும்வரை விட்டு அளக்க வேண்டும். 55 டிகிரிக்கு மேல் என்றால் பேனலைத் தொடாதீர்கள். 45-க்குக் கீழ் என்றால் குறை மாடியில்: உப்பு, நிழல், இரட்டைக் கண்ணாடிக்கு இடையே வெற்றிடம் போன டியூப், இவற்றில் ஒன்று.

காலைச் சூடு. அன்றிரவும் யாரும் எடுக்காமல், மறுநாள் காலை ஆறுக்கு அதே குழாயில் அளக்க வேண்டும். ஏழெட்டு டிகிரி இறங்குவது பெரிய குறையில்லை. பத்துக்கு மேல் என்றால் டேங்கைச் சுற்றிச் சூடு காக்கும் பஃப் நுரை உறையில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். கண்ணாடி டியூபுக்குப் பதில் தட்டைப் பேனல் உள்ள ஹீட்டராக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். டேங்கின் அடிப்பக்கம் பேனலின் மேல் விளிம்பைவிட ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் சுழற்சி தலைகீழாகி, பகலில் சேர்த்த சூட்டைப் பேனல் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

கலப்புச் சோதனை. இதைத்தான் யாரும் செய்வதில்லை. மாடியில் சோலாருக்குள் பச்சைத் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டு, கீழே வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். குழாயிலும், டேங்கின் ஆவி போக வைத்த வென்ட் பைப்பிலும் நிற்பது வடிந்து, சில நிமிடத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடுகிறதா? வீட்டில் எங்கோ ஒரு மிக்ஸர் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் வருகிறது என்று அர்த்தம். வழக்கமான குற்றவாளி, நுனியில் விசை வைத்த கை ஷவர். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டு திருகும் திறந்தே கிடக்கும், விசையை மட்டும் விட்டு நிறுத்துவார்கள். உள்ளே இரண்டும் இணைந்தே இருக்கும். பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் பிரஷர் பம்ப் போட்ட வீடு என்றால் கேட்கவே வேண்டாம், அது வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். திருகை மூடும் பழக்கம், அந்தக் குளியலறையின் வெந்நீர் லைனில் தண்ணீரைப் பின்னால் விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, இவ்வளவுதான் வைத்தியம். இந்த ஒரு கோளாறுக்காக டியூப் மொத்தமும் மாற்றிய வீடுகள் உண்டு.

மாலைச் சூடு குறைந்திருந்தால் நிழலையும் பார்த்துவிடுங்கள். மார்கழியில் காலை ஒன்பது மணி வாக்கில் சூரியன் சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தென்கிழக்கில் ஆறடிச் சுவர் இருந்தால் நிழல் ஒன்பது அடிக்கு மேல் விழும். சித்திரையில் நிழலே இல்லாத இடம் மார்கழியில் பத்தரை வரை இருட்டாகக் கிடக்கலாம். பக்கத்து வீட்டில் புது மாடி எழும்பிய வருடத்தையும் ஹீட்டர் மந்தமான வருடத்தையும் ஒத்துப் பாருங்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | எப்போது பலிக்கும் | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|
| குழாயைச் சுருக்கி உறை போடுதல் | டேங்கில் சூடு உண்டு, குழாயில் வர நேரமாகிறது | வெயிலில் உறை பொடியும், மேலே அலுமினியம் சுற்ற வேண்டும் |
| உப்பு எடுத்தல் | தெளிந்த நாளிலும் மாலைச் சூடு 45-க்குக் கீழ் | ரப்பர் ரிங், ஓரிரு டியூப் உடைதல், திரும்பத் திரும்ப வரும் வேலை |
| நல்ல தண்ணீருக்குத் தனி டேங்க் | இரண்டு தண்ணீர் இணைப்பு உள்ள வீடு | டேங்க் உயர ஸ்டாண்டு, தனி லைன் |
| சாஃப்ட்னர் | போர் மட்டுமே உள்ள வீடு | உப்பு, கழுவிவிடும் தண்ணீர், மறதி |
| டேங்கில் காயில் | பலர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீடு | மின் கணக்கில் படி ஏறுதல், உப்பேறிக் காயில் எரிதல் |
| குளியலறையில் சின்ன கீசர் | மழைக்கால வாரங்கள் மட்டும் தொல்லை | பைபாஸ் வால்வுகள், ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு |
| புதிய ஹீட்டர் அல்லது ஹீட் பம்ப் | டேங்கே ஒழுகுகிறது | பழைய தண்ணீரே புதியதையும் கெடுக்கும் |

## குழாய்: சின்னச் செலவு, பெரிய மிச்சம்

டேங்கிலிருந்து குளியலறை வரை குழாயில் நிற்கும் தண்ணீர் ஆறிவிடும். சூடு வரும்வரை திறந்துவிடுகிறோம். வெளியே கொட்டிய அளவு வெந்நீர் டேங்கிலிருந்து இறங்கிக் குழாயை நிரப்புகிறது. அடுத்த ஆள் அரை மணி கழித்து வந்தால் திரும்பவும் அதே கதை.

சி.பி.வி.சி. குழாயில் ஒரு மீட்டருக்கு நிற்கும் தண்ணீர்: ஒரு அங்குலத்தில் 0.43 லிட்டர், முக்கால் அங்குலத்தில் 0.26, அரை அங்குலத்தில் 0.12. மாடியிலிருந்து தரைத்தளப் பின்கட்டு வரை 15 மீட்டர் என்றால் ஒரு அங்குலக் குழாயில் ஆறரை லிட்டர், முக்கால் அங்குலத்தில் நாலு லிட்டர். நாலு பேர், சமையலறை இரண்டு தடவை என்று ஆறு முறை திறந்தால் ஒரு அங்குலக் குழாய் 39 லிட்டர் வெந்நீரைத் தின்றுவிடும். டேங்கில் ஐந்தில் ஒரு பங்கு! 'பெரிய பைப் போட்டால் நல்ல ஃபோர்ஸ்' என்று வெந்நீர் லைனுக்கும் ஒரு அங்குலம் இழுக்கும் வழக்கம் இதனால்தான் தவறு. அதற்காக அரை அங்குலத்துக்கு இறங்கினால், ஓவர்ஹெட் டேங்க் அழுத்தம் மட்டுமே உள்ள வீட்டில் மேல்மாடிக் குளியலறைக்குத் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். இறங்கு குழாய் முக்கால் அங்குலம், குளியலறைக்குள் கடைசி இரண்டு மீட்டர் மட்டும் அரை அங்குலம். இது சரியாக வரும்.

உறைக்குக் கறுப்பு நைட்ரைல் ஃபோம் குழாய், சுவர் கனம் 13 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வேண்டும். நீளவாக்கில் கீறி மாட்டி, வெட்டுவாயைப் பசையால் ஒட்டி, அதன் மேல் அலுமினிய டேப்பை முழுதாகச் சுற்றுங்கள். டேப் இல்லாமல் விட்டால் வேலூர் வெயிலில் இரண்டு கோடை தாண்டாது. முதலில் வெடிக்கும், பிறகு காக்காயும் அணிலும் கூட்டுக்குப் பிய்த்துக்கொண்டு போகும். எல்போ, யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), வால்வு ஆகிய இடங்களை விட்டுவிட்டு நேர்க்குழாய்க்கு மட்டும் போடுவது பாதி வேலை. உறை குழாய்த் தண்ணீரை ஆறாமல் வைத்திருப்பது ஒரு மணி நேரம்போலத்தான், விடிய விடிய வைத்திருக்காது. எனவே காலை முதல் வாளி எப்படியும் பச்சைத் தண்ணீர்தான். அதைக் கொட்டாமல் வேறு வேலைக்குப் பிடித்துவையுங்கள்.

குளியலறைகள் தொடர்ந்து பயன்படும் வீட்டுக்கு இது முதல் செலவு. ஒரே ஆள், ஒரே தடவை குளிக்கும் வீட்டுக்குப் பெரிய பலன் கிடையாது.

## உப்பு எடுத்தல்

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறினால் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. சூடு கூடக் கூடப் படிவதும் கூடும், 60 டிகிரியைத் தாண்டினால் வேகமெடுக்கும். ஒரு கணக்கு: லிட்டருக்கு 300 மில்லிகிராம் இப்படிப் படியக்கூடியது இருந்து, நாளைக்கு 150 லிட்டர் உள்ளே போனால், 45 கிராம் சுண்ணாம்பு ஹீட்டருக்குள் நுழைகிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் தங்குகிறது என்றாலும் வருடத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல்.

தட்டைப் பேனலில் இது சேரும் இடம் அரை அங்குலச் செப்புக் குழாய். ஓரளவு படிந்ததுமே ஓட்டம் மந்தமாகி, கண்ணாடிக்குள் தகடு கொதிக்கும், டேங்கில் சூடு ஏறாது. கண்ணாடிக் குழாய் வகையில் அடியில் கொட்டிக் கிடக்கும். 58 மில்லிமீட்டர் தடிமன், 1800 நீளமுள்ள டியூபுக்குள் இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். அடியில் ஓர் அடி உயரத்துக்குச் சேறு நின்றால் அந்த ஓர் அடி வெயிலைப் பிடித்தும் பயனில்லை. சேறு கெட்டியான இடத்தில் சூடு ஒரே சீராகப் பரவாமல் கண்ணாடி விரிசல் விடுவதும் உண்டு.

கண்ணாடி டியூபுக்கு. விடியற்காலையில், வெயில் படும் முன் தொடங்க வேண்டும். டேங்கை வடித்துவிட்டு, அடிக் கிண்ணத்தைத் தளர்த்தி, டியூபைச் சோப்புத் தண்ணீர் தொட்டு மெல்லத் திருகியபடி முதலில் மேல்நோக்கி டேங்குக்குள் ஏற்றி, பிறகு அடியை விலக்கி உருவ வேண்டும். கவிழ்த்தால் கஞ்சி மாதிரி வெள்ளையாகக் கொட்டும். கொட்டாமல் ஒட்டியிருப்பதற்கு மட்டும் அமிலம். டியூபை நிமிர்த்தி நிறுத்தி, லிட்டருக்கு 50 கிராம் வீதம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரை நிரப்பினால் நுரைக்கும். நுரை நின்றும் படிவு இருந்தால் அமிலம் தீர்ந்துவிட்டது, மறுபடி புதுக் கரைசல். ஒரு டியூபுக்குப் போகும் 135 கிராம் அமிலம் கரைக்கக்கூடியது கிட்டத்தட்ட 95 கிராம் சுண்ணாம்புதான். படிவு தடிமனாக இருந்தால் சல்ஃபாமிக் அமிலம் நல்லது. சிட்ரிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து தானே இன்னொரு வெள்ளைப் பொடியாகத் தங்கிவிடும், சல்ஃபாமிக்கில் அந்தத் தொல்லை இல்லை. நீளப் பிரஷ் விடலாம், இரும்புக் கம்பி கூடாது. உட்கண்ணாடியில் ஒரு கீறல் போதும், அடுத்த கொதிப்பில் டியூப் போய்விடும்.

திரும்ப மாட்டும்போது சிலிக்கான் ரிங் கெட்டிப்பட்டிருந்தால் புதிது போடுங்கள். டியூபின் அடிநுனியில் வெள்ளி நிறம் இருந்தால் வெற்றிடம் இருக்கிறது. பால் வெள்ளையாகிவிட்டால் போய்விட்டது. நடுப்பகலில் அதன் வெளிக்கண்ணாடி கையைச் சுடும். அதை மட்டும் மாற்றினால் போதும், இருபதையும் மாற்ற வேண்டியதில்லை. வாங்கும்போது தடிமனையும் நீளத்தையும் அளந்துகொண்டு போங்கள். 47 மில்லிமீட்டர், 1500 நீள வகையும் கடையில் இருக்கிறது.

மாட்டி முடித்ததும் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் விட்டாக வேண்டும். காலி டியூப் வெயிலில் நின்றால் உள்ளே 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் பாய்ந்தால் 'டப்' என்று ஒரு சத்தம்தான். வேலை இழுத்துவிட்டால் சாக்கு போட்டு மூடிவைத்து, சாயங்காலம் நிரப்புங்கள்.

தட்டைப் பேனலுக்கு. மேலும் கீழும் யூனியனைக் கழற்றிப் பேனலைத் தனியாக்கி, ஒரு வாளிக் கரைசல், ஏர் கூலரில் வரும் சின்னப் பம்ப், இரண்டு ஹோஸ் கொண்டு அடியிலிருந்து மேலே ஒன்றிரண்டு மணி நேரம் சுழற்ற வேண்டும். பிறகு சமையல் சோடா கலந்த நீர், அதன் பிறகு நல்ல தண்ணீர். முழுதாக அடைத்துப்போன குழாய்க்குள் அமிலம் நுழையவே நுழையாது, பக்கத்துக் குழாய் வழியாக ஓடிவிடும். அப்படி இரண்டு மூன்று அடைத்திருந்தால் பேனலை ஒர்க் ஷாப்புக்கு இறக்கி ஹெடரை (சின்னக் குழாய்கள் சேரும் பெரிய குழாயை) வெட்டிக் குத்தி எடுப்பதுதான் வழி.

கழிப்பறை கழுவும் ஆசிட் எந்த வகைக்கும் வேண்டாம். அதில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டெயின்லெஸ் டேங்கைப் பொத்தல் போட்டுவிடும்.

பங்குனி முதல் ஆனி வரை வெந்நீர் யாருக்கும் தேவையில்லை. ஹீட்டர் மட்டும் நாள் தவறாமல் கொதித்து, வென்ட் வழியாக ஆவி போய், அந்த இடத்துக்குப் புது உப்புத் தண்ணீர் வந்து, உள்ளே உப்பு கெட்டிப்பட்டுக்கொண்டே போகும். பாதி டியூபை வெள்ளைத் துணியாலோ நிழல் வலையாலோ மூடிவைத்தால் இதில் பெரும்பங்கு தவிரும். செலவில்லாத வேலை இது.

## தண்ணீரையே மாற்றுவது

வருடா வருடம் உப்பு எடுப்பதற்குப் பதில், உள்ளே போவதையே மாற்றலாம். கடினத்தன்மை 300-க்குள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

எங்கள் முதல் தேர்வு தனி டேங்க். வேலூர் நகரத்தில் பல வீடுகளில் மாநகராட்சித் தண்ணீர் ஒன்று, போர் ஒன்று என்று இரண்டு இருக்கும். மாநகராட்சித் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, மாடி டேங்குக்குப் போர் ஏற்றுவார்கள். சோலாருக்குத் தேவை நாளைக்கு 100, 150 லிட்டர். மாடியில் 300 அல்லது 500 லிட்டரில் தனியாக ஒரு டேங்க் வைத்து, மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளில் அதை நிரப்பிச் சோலாருக்கு மட்டும் கொடுங்கள். முறைவைத்து வரும் தண்ணீர்கூட மூன்று நாளைக்குத் தாங்கும். அதன் அடி, சோலார் டேங்கின் தலையைவிட உயரத்தில் நிற்க வேண்டும். சோலாரின் வென்ட் பைப் அந்தப் புது டேங்கின் நீர்மட்டத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வென்ட் வழியாக விடிய விடிய வழியும். வழிகிறதே என்று வென்டை அடைத்தால் டேங்க் உப்பும் அல்லது உள்வாங்கும்.

சாஃப்ட்னர், போர் மட்டுமே உள்ள வீட்டுக்கு. கடினத்தன்மை 600, வெந்நீருக்கு நாளைக்கு 200 லிட்டர் என்றால் எடுக்க வேண்டியது 120 கிராம். சாஃப்ட்னருக்குள் கடினத்தைப் பிடிக்கும் மணிகள்தான் ரெசின், அது ஒரு லிட்டர் சுமார் 50 கிராம் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் பத்து நாள் ஓடும், அதற்குப் பிறகு மூன்று நாலு கிலோ உப்புப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நூறு லிட்டருக்கு மேல் உப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும், அதைச் செடிக்கு விடக் கூடாது. வீட்டுத் தண்ணீர் முழுவதற்கும் சாஃப்ட்னர் வைத்தால் இந்தக் கணக்கு ஐந்து மடங்காகும். ஹீட்டரைக் காப்பாற்றவென்றால் சோலார் லைனுக்கு மட்டும் வைத்தால் போதும். மண் கலந்த கல்லுப்பு ரெசினை அடைக்கும். தெளிவான உப்பே போடுங்கள். இரண்டு தடவை புதுப்பிக்க மறந்தால் சாஃப்ட்னர் வெறும் சிலிண்டர்தான். மறக்கும் வீடு என்று தெரிந்தால் வாங்காதீர்கள்.

பாஸ்பேட் உருண்டை போட்ட வடிகட்டி மலிவு. 60 டிகிரிக்கு மேல் பாஸ்பேட் சிதைவதால் சோலாருக்கு அரைப் பலன்தான். குழாயில் மாட்டும் காந்தத்துக்குக் காசு கொடுக்க நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவால் நிலத்தடி நீரில் குளோரைடு ஏறிய இடங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சாஃப்ட்னர் குளோரைடை எடுக்காது. எஸ்.எஸ். 304 டேங்க் வெல்டிங் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாக அரித்து ஒழுகுவது அதனால்தான். அங்கே எஸ்.எஸ். 316 அல்லது கண்ணாடிப் பூச்சு டேங்க். கண்ணாடிப் பூச்சு என்றால் உள்ளே ஒரு மக்னீசியத் தண்டு இருக்கும். டேங்குக்குப் பதில் அது அரிபடும். வருடம் ஒரு தடவை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

## மின் உதவி: டேங்கிலா, குளியலறையிலா

மழை வாரங்களில் எந்த நல்ல ஹீட்டரும் 35 டிகிரியில்தான் நிற்கும். மேலே சொன்ன எதுவும் அதற்கு உதவாது, கரன்ட் வேண்டும். கேள்வி, எங்கே சூடேற்றுவது.

டேங்கில் 2 கிலோவாட் காயில்: 200 லிட்டரை 35-லிருந்து 50-க்கு ஏற்ற மூன்றரை யூனிட். முந்தின இரவே போட்டால் விடிவதற்குள் அதில் ஒரு பங்கு ஆறிவிடும். டைமர் வைத்து மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்துக்குள் தயார். குளியலறையில் 15 லிட்டர் கீசர்: சோலார் தண்ணீரே 35-ல் வருவதால் 42-க்கு ஏற்ற ஏழு டிகிரிதான். நாலு பேருக்கு 100 லிட்டர் என்றால் 0.8 யூனிட். 2 கிலோவாட் கீசர் நிமிடத்துக்கு நாலு லிட்டரை இப்படி விடாமல் தரும்.

அறுபது நாளைக்கு 210 யூனிட்டுக்கும் 50 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம் இது. நம் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும். ஏற்கெனவே 400-ல் நிற்கும் வீட்டுக்குக் காயிலின் உண்மையான செலவு அந்த 210 யூனிட்டோடு நிற்காது.

ஆகவே நாலைந்து பேர் வீட்டுக்குச் சின்ன கீசர். அறை வாடகைக்கு விட்டு, பத்துப் பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் இடத்துக்குக் காயில். கீசருக்கு மூன்று வால்வில் ஒரு பைபாஸ் போடுங்கள். வெயில் நாளில் சோலார் தண்ணீர் நேராகக் குழாய்க்கும், மேக நாளில் கீசர் வழியாகவும் வர வேண்டும். 70 டிகிரித் தண்ணீரை நேராகக் கீசருக்குள் விட்டால் அதன் பாதுகாப்புக் கட்-அவுட் விழுந்துவிடக்கூடும். டேங்க் அழுத்தம் மட்டுமே உள்ள வீட்டில் இன்ஸ்டன்ட் கீசர் பல நேரம் ஆன் ஆகாது, ஸ்டோரேஜ் வகையே வாங்குங்கள். காயிலோ கீசரோ, கரன்ட் கசிந்தால் இணைப்பை வெட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள். உப்பேறி வெடித்த காயில் தண்ணீருக்கே கரன்ட் கொடுக்கும்.

## டேங்கே போய்விட்டது என்றால்

புதிது வாங்க நியாயமான காரணம் டேங்க் ஒழுகுவது ஒன்றுதான். அப்போது மூன்று வழி.

கண்ணாடி டியூப் வகை விலையில் குறைவு, கடின நீரில் சீக்கிரம் அடைக்காது, டியூபை வீட்டிலேயே மாற்றலாம். குரங்கும் தேங்காயும் விழும் மாடிக்கு ஆகாது, பிரஷர் பம்ப் லைனிலும் பொதுவான வகை தாங்காது. வெற்றிடம் குளிரிலிருந்து காப்பதால் ஏலகிரி, ஜவ்வாது மலை வீடுகளுக்கு இதுதான். விடியலில் அவ்வளவு குளிராத சமவெளியில் அந்தச் சிறப்புக்கு அவ்வளவு மதிப்பில்லை.

செப்புத் தட்டைப் பேனல் உழைக்கும், ஒழுகினால் பற்றவைக்கலாம், கண்ணாடி சுலபத்தில் உடையாது. மென்மையான தண்ணீர் கிடைக்கும் வீட்டுக்கு இதைத்தான் சொல்வோம். கடின நீர்தான் என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை கேளுங்கள். பேனலுக்குள் ஒரே டிஸ்டில்ட் வாட்டர் மூடிய சுற்றில் ஓடும், குளிக்கும் தண்ணீர் பேனலைத் தொடாது. சூட்டில் சில டிகிரி குறையும், மூடிய சுற்றில் அவ்வப்போது தண்ணீர் நிரப்ப வேண்டும். இரண்டும் பொறுத்துக்கொள்ளக் கூடியவை.

ஹீட் பம்ப், மருமகன் சொன்னது, வேடிக்கையில்லை. 200 லிட்டரை 24-லிருந்து 55-க்கு ஏற்ற 7.2 யூனிட் சூடு வேண்டும். நம் ஊர்க் காற்றுக்கு ஹீட் பம்ப் அதை இரண்டு யூனிட் சொச்ச மின்சாரத்தில் செய்யும். ஒரு கிலோவாட் சோலார் மின் பேனல் நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும். 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீட்டு மின் பேனலுக்கு இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. வெந்நீர் ஹீட்டருக்கு அது கிடையாது. எப்படியும் மாடியில் மின் பேனல் போடப்போகிறவர்கள், மாடியில் நிழல் விழுபவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்கலாம். கம்ப்ரஸர் கெட்டால் ஏ.சி. மெக்கானிக் வர வேண்டும். புயல் நாளில் கரன்ட் போனால், டேங்கில் இருப்பது தீரும்வரைதான் வெந்நீர்.

எதை வாங்கினாலும் பொருத்தும் நாளில் மாடியில் நில்லுங்கள். முகம் தெற்கே, சாய்வு சுமார் 23 டிகிரி. சாய்வைச் செல்போனை ஸ்டாண்டில் வைத்தே அளந்துவிடலாம். டேங்குக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குழாய், அடியில் வடிகால் வால்வு, பேனலின் இரு முனையிலும் யூனியன், இந்த மூன்றையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். யூனியன் இல்லாமல் ஒட்டிவிட்டுப் போனால், இரண்டு வருடம் கழித்து உப்பு எடுக்க வருகிறவர் முதலில் செய்வது குழாயை அறுப்பது.